பல்கலைக்கழகமும் கல்லூரியும்: கூட்டுறவை அளந்தறியும் முறை

இறையியற் கல்லூரி எதுவும் இன்று தனித்து நிற்பதில்லை. பட்டம் வழங்கும் உரிமை பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தோடோ பேரவையோடோ அது இணைந்திருக்கிறது. அதற்கப்பால், கடல் கடந்த கல்வி நிலையங்கள் சிலவற்றோடும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் பரிமாற்றம், மாணவர் பரிமாற்றம், கூட்டாய்வு என்று இத்தகைய ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. இவற்றுள் பயனுள்ளவை உண்டு. தர மதிப்பீட்டுக் குழுவினர் வரும்போது காட்டுவதற்கென்றே கையெழுத்தாகி, பின்னர்க் கோப்பிலே உறங்கிப்போவனவும் உண்டு. எத்தனை ஒப்பந்தங்கள் உள்ளன என்று எண்ணிக் கூறுவது எளிது. அவற்றால் விளைந்தது யாது என்று ஆராய்ந்து கூறுவதே அரிது. அவ்வாராய்ச்சியை எவ்வாறு செய்வது என்பதையே இக்கட்டுரையில் நாம் காண முற்படுகிறோம்.

இது நிருவாகிகளுக்கு மட்டும் உரிய பொருள் எனக் கருதலாகாது. ஓர் ஆயர் எம்மொழியில் இறையியல் பயின்றார், எவர் வகுத்த பாடத்திட்டத்தைப் பின்பற்றினார், எவருடைய வினாக்களுக்கு விடை எழுதிப் பழகினார் என்பவை யாவும் அவர் பிரசங்க பீடத்தில் ஏறும்போது வெளிப்பட்டே தீரும். ஆகவே, பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவின் தன்மை, முடிவில் ஒரு சிற்றூர்ச் சபை ஞாயிற்றுக்கிழமையன்று எதனைக் கேட்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

1. திருமறை அடித்தளம்

நிறுவனங்களுக்கிடையிலான உறவைப்பற்றித் திருமறையில் நேரடியான போதனை இல்லையெனினும், கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் நமக்கு நல்லதொரு வழிகாட்டியாகும். பவுல், பர்னபாவையும் தீத்துவையும் உடன்கொண்டு எருசலேமுக்குச் சென்று, புறவினத்தாரிடையே தாம் அறிவித்துவந்த நற்செய்தியை அங்கிருந்த தலைவர்கள்முன் எடுத்துரைக்கிறார். எருசலேம் பழமையும் பெருமையும் உடையது. அந்தியோகியா புதியது, வளர்ந்துவருவது. மூத்ததும் இளையதுமான இரு சபைகளின் சந்திப்பு இது. இச்சந்திப்பின் முடிவில் ஐக்கியத்தின் அடையாளமாக வலதுகை கொடுக்கப்படுகிறது. 'கொய்னோனியா' என்னும் கிரேக்கச் சொல்லே இங்கு ஐக்கியம் எனத் தமிழில் வழங்குகிறது. இதே சொல்லைப் பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கைக்கும் பயன்படுத்துகிறார் (ரோமர் 15:26) என்பதை நாம் மறத்தலாகாது. ஐக்கியம் என்பது உணர்ச்சி மட்டுமன்று. கணக்கு வைக்கத்தக்க செயலுமாகும்.

இவ்வுடன்பாட்டில் நான்கு கூறுகளைக் காண்கிறோம். முதலாவது, எருசலேமின் தலைவர்கள் பவுலுக்கு அருளை வழங்கவில்லை. ஏற்கெனவே அவருக்கு அருளப்பட்டிருந்ததைக் கண்டு ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, மூத்த சபை இளைய சபையைத் தன் சாயலாக ஆக்கவில்லை. தீத்து விருத்தசேதனம் செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்படவில்லை. மூன்றாவது, எவர் எவரிடையே பணிபுரிவது என்பது தெளிவாகப் பிரிக்கப்பட்டது. நான்காவது, ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் முன்வைக்கப்பட்டது: ஏழைகளை நினைத்துக்கொள்ள வேண்டும். உடன்பாடு செய்தவர்கள் இருதரப்பினர். அதன் பயனை அடைய வேண்டியவரோ அவ்விடத்தில் இல்லாத மூன்றாமவர்.

இத்துடன் அதிகாரம் முடிந்துவிடவில்லை. அடுத்த பகுதியிலேயே, கைகொடுத்த கேபா அந்தியோகியாவில் புறவினத்தாருடன் உண்பதிலிருந்து விலகிக்கொள்கிறார். உடன்பாட்டின் வாசகத்தில் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் உணவுப்பந்தியில் அது முறிந்தது. பவுல் அதனைக் கண்டு எல்லார் முன்னிலையிலும் எடுத்துக்கூறினார். கூட்டுறவை மதிப்பிட விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. கையெழுத்திட்ட தாளை அல்ல, பந்தியைப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்துப் பேசும் உரிமை இளைய தரப்பினருக்கும் உண்டு.

2. வரலாறு காட்டும் வடிவங்கள்

(அ) தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம்: 1836இல் பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் கற்பிக்கவில்லை, கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் அளித்தது. இம்முறையைப் பின்பற்றியே 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. கற்பித்தது கல்லூரி, தேர்ந்தெடுத்தது பல்கலைக்கழகம். இம்முறையால் பரந்த நிலப்பரப்பில் ஒரே அளவுகோல் கிடைத்தது என்பது உண்மை. ஆயினும் ஆசிரியர் எதைக் கற்பிக்க விரும்பினாரோ அதைவிடத் தேர்வில் எது கேட்கப்படுமோ அதுவே வகுப்பறையை ஆளலாயிற்று. 1931இல் வெளிவந்த, ஏ. டி. லிண்ட்சே தலைமையிலான குழுவின் அறிக்கை, இந்தியக் கிறித்தவக் கல்லூரிகள் பல்கலைக்கழகத் தேர்வின் பிடியில் சிக்கித் தம் தனித்தன்மையை இழந்துவருவதைச் சுட்டிக்காட்டியது. கல்லூரிகள் தம்மைச் சூழ்ந்த மக்களின் வாழ்வை ஆராய்ந்து அவர்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக்குழு தன்னாட்சிக் கல்லூரிகளைப் பரிந்துரைத்ததும், 1978இல் தமிழ்நாட்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றதும் இக்குறையை நீக்கும் முயற்சிகளே.

இங்கு ஒரு செய்தியை நினைவுகூர்வது தகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய அச்செமினரி, 1855இல் மூடப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்னரே, பட்டம் வழங்கும் உரிமை இல்லாத ஒரு கல்லூரி அவர்களை அறிஞர்களாக்கிவிட்டது. பின்னர்ப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தாமோதரம்பிள்ளை ஆற்றிய தொண்டு நாமறிந்ததே. பட்டம் அறிவுக்குச் சான்று, அறிவின் ஊற்றன்று.

(ஆ) கடல் கடந்த பட்டம்: 1827இல் திருச்சபை மிஷன் சங்கத்தார் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் ஃபூரா பே கல்லூரியை நிறுவினர். பிற்காலத்தில் பேராயரான சாமுவேல் அஜாயி க்ரௌதர் அதன் முதல் மாணவர்களுள் ஒருவர். 1872இல் எட்வர்டு பிளைடன் என்னும் கறுப்பின அறிஞர், மேற்கு ஆப்பிரிக்காவுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஆளுநரிடம் வாதாடினார். ஆப்பிரிக்கரின் வரலாறும் மொழியும் பண்பாடும் கல்வியில் இடம்பெற வேண்டும் என்பது அவரது வாழ்நாள் வேட்கை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1876இல், ஃபூரா பே இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. தம் நாட்டைவிட்டுச் செல்லாமலே ஆப்பிரிக்க மாணவர்கள் டரம் பட்டம் பெற்றனர். மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் ஆயர்களாகவும் ஆசிரியர்களாகவும் பணிபுரிந்தனர். இது பெரும் நன்மை. பிளைடன் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துக் கூறாத மதிப்பீடு முழுமையானதன்று.

அதே டரம் பல்கலைக்கழகம் 2014 முதல் இங்கிலாந்துத் திருச்சபையோடு உடன்பட்டு, அதன் குருத்துவப் பயிற்சி நிலையங்களுக்குப் பொதுப் பட்டங்களை வழங்கிவருகிறது. முன்னர் அந்நிலையங்கள் வெவ்வேறு பல்கலைக்கழகங்களோடு தனித்தனியே இணைந்திருந்தன. இப்போது பல்கலைக்கழகம், திருச்சபை, பயிற்சி நிலையம் ஆகிய மூன்றும் இவ்வுறவில் பங்குகொள்கின்றன. பொதுவான பாடத்தொகுதியிலிருந்து ஒவ்வொரு நிலையமும் தனக்கு ஏற்றவற்றைத் தெரிந்துகொள்கிறது. குறித்த கால இடைவெளிகளில் வெளியார் வந்து பார்வையிடுகின்றனர். திருச்சபை தனி உறுப்பாக அமர்ந்திருக்கும் இம்முறை நம் கவனத்துக்குரியது.

(இ) செராம்பூர்ப் பேரவை: வில்லியம் கேரி, யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவர் 1818இல் நிறுவிய செராம்பூர்க் கல்லூரிக்கு, 1827இல் டென்மார்க்கு அரசர் ஆறாம் ஃபிரெடரிக் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். 1845இல் செராம்பூர் ஆங்கிலேயர் வசமானபோதும் அவ்வுரிமை காக்கப்பட்டது. ஆயினும் 1857இல் அக்கல்லூரி தன் கலைப்பிரிவைப் புதிதாய்த் தோன்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துக்கொண்டது. கையிலிருந்த உரிமை பல்லாண்டு பயன்படாதிருந்தது. ஜார்ஜ் ஹவல்ஸ் முதல்வராயிருந்த காலத்தில், 1915இல், முதல் இறையியற் பட்டங்கள் வழங்கப்பட்டன. பட்டயம் பெற்று எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது கனி கொடுத்தது. 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, பல்வேறு திருச்சபைப் பிரிவினரைக் கொண்ட பேரவை அமைக்கப்பட்டு, பிற இறையியற் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவும் வழி ஏற்பட்டது.

1910இல் தோன்றிய பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியும், 1969இல் மதுரை அரசரடியில் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியற் கல்லூரியும், 1963இல் தொடங்கிய இலங்கைப் பிலிமத்தலாவை இறையியற் கல்லூரியும் இப்பேரவையோடு இணைந்தவை. இணைந்த கல்லூரிகளின் ஆசிரியர்களே பாடத்திட்டக் குழுக்களில் அமர்கின்றனர்; அவர்களே வினாத்தாள் அமைக்கின்றனர்; விடைத்தாள் திருத்துகின்றனர். இங்குப் பல்கலைக்கழகம் என்பது கல்லூரிகளுக்கு வெளியே நிற்கும் ஓர் அதிகாரம் மட்டுமன்று; பெரும்பகுதி கல்லூரிகளின் கூட்டமே. எனவே பாடத்திட்டத்தில் குறை காண்போர், அதனை வகுக்கும் குழுவில் தம் கல்லூரி என்ன பேசிற்று என்றும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளனர்.

3. கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதலாவது: இளைய தரப்பினரின் சொல் எங்குச் செல்லுபடியாகிறது? கல்லூரி ஒரு புதிய பாடத்தை முன்மொழிந்தால் அது எத்தனை ஆண்டுகளில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது? வேதநாயக சாஸ்திரியார், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஆகியோரின் இறையியலும், தலித் மக்களின் இறையியற் சிந்தனையும், நம் சபைகளின் வரலாறும் கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா? விருப்பப் பாடமாயின் அதைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா? விதிமுறைகளில் கூறப்பட்டிருக்கும் உரிமையை மட்டுமன்று, கடந்த ஐந்து ஆண்டுகளில் அவ்வுரிமை பயன்பட்ட தடவைகளையும் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது: மொழியின் நிலை என்ன? தமிழில் தேர்வு எழுத அனுமதி உண்டு என்பதோடு இக்கேள்வி முடிந்துவிடாது. வினாத்தாள் தமிழிலேயே சிந்தித்து அமைக்கப்படுகிறதா, ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படுகிறதா? பெயர்க்கப்படுமாயின் மாணவர் வினாவைப் புரிந்துகொள்ளவே காலத்தைச் செலவிட நேரிடும். பாடநூல்கள் தமிழில் உள்ளனவா? பட்ட மேற்படிப்பில் ஒருவர் தமிழில் ஆய்வேடு எழுதினால் அதைப் படித்து மதிப்பிடத் தகுதியுள்ளோர் நியமிக்கப்படுகின்றனரா? கடல் கடந்த நிலையத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகையைப் பார்த்தாலே அவ்வுறவின் உண்மைநிலை புலப்படும். ஒரு தரப்பினர் மட்டும் எப்போதும் மற்றவரின் மொழியில் பேச வேண்டியிருப்பின் அங்கு ஐக்கியம் இன்னும் முழுமை பெறவில்லை.

மூன்றாவது: கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்கிறதா? பிலிப்பியருக்கும் தமக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று பவுல் எழுதுகிறார் (பிலி. 4:15). கொரிந்தியருக்கு எழுதும்போதோ சமநிலையை வற்புறுத்துகிறார் (2 கொரி. 8:13-15). இந்நோக்கோடு ஒவ்வொரு கூட்டுறவிலும் இரு பட்டியல்களை எழுதிப் பார்க்கலாம். நிதி, நூல்கள், பட்டத்தின் மதிப்பு என்று மூத்த தரப்பு கொடுப்பவற்றை எளிதில் எழுதிவிடுவோம். ஆசிரியர்களின் உழைப்பு நேரம், விருந்தினரைப் பேணும் செலவு, வெளிநாட்டு மாணவர்களை ஊர்ச் சபைகளுக்கு அழைத்துச்சென்று அவர்களுக்கு விளக்கம் கூறும் பணி, ஆய்வுக்குக் கிடைக்கும் செய்திகள் என்று இளைய தரப்பு கொடுப்பவற்றை நாமே எழுத மறந்துவிடுகிறோம். இணைந்த கல்லூரியிடமிருந்து கற்றுக்கொண்டதால் பல்கலைக்கழகம் தன் பாடத்தில் மாற்றிய ஒன்றேனும் உண்டா என்றும் வினவ வேண்டும். இல்லையெனில் அது உதவியாகலாம், கூட்டுறவாகாது.

நான்காவது: மாணவர் பாதுகாக்கப்படுகின்றனரா? பெறப்போகும் பட்டத்தைத் தம் திருச்சபையும் மேற்படிப்பு நிலையங்களும் ஏற்றுக்கொள்கின்றனவா என்பதைச் சேரும்போதே மாணவர் எழுத்துமூலமாக அறிந்திருக்க வேண்டும். இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் முதலியவற்றை இறுதியில் தாங்குவோர் யார்? தேர்வில் தவறுவோர் யாவர்? கிராமத்துப் பள்ளிகளில் பயின்றோரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியோரும், பெண்களும் அவர்களுள் மிகுந்து காணப்பட்டால், குறை மாணவரிடம் மட்டும் இருப்பதாகக் கூறுதல் நீதியன்று. இவ்வுறவு முறிய நேர்ந்தால் இடையிலிருக்கும் மாணவர் தம் படிப்பை முடிக்க வழி செய்யப்பட்டிருக்கிறதா என்பது மிக இன்றியமையாத வினா. திருமணத்தன்று பிரிவைப்பற்றிப் பேசுவது முறையன்று என்பர்; கல்வி ஒப்பந்தத்திலோ அதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவதுதான் முறை. இங்குத் துன்புறுவோர் கையெழுத்திட்டவர் அல்லர், பிள்ளைகளே.

ஐந்தாவது: மூன்றாமவருக்கு என்ன பயன்? எருசலேம் உடன்பாட்டின் ஏழைகளை இங்கு நினைவுகூர்கிறோம். கல்லூரியின் பெயர் உயர்ந்தது, ஆசிரியரின் கட்டுரைகள் பெருகின என்பவை நற்செய்திகளே. பட்டம் பெற்றோர் எங்குச் செல்கின்றனர்? சிற்றூர்ச் சபைகளுக்கா, நகரங்களுக்கா, அயல்நாடுகளுக்கா? அவர்களுடைய பிரசங்கத்திலும் ஆயர் பணியிலும் சபையார் காணும் வேறுபாடு யாது? இதனை அறியாமல் செய்யும் மதிப்பீடு, விதையை எண்ணிவிட்டு விளைச்சலைப் பாராமல் திரும்புவதற்கு ஒப்பாகும்.

4. மதிப்பிடும் முறை

கேள்விகள் தெளிவானபின், முறையைப்பற்றிச் சில கூறுவோம்.

தொடக்கநிலையைக் குறித்துவைக்காமல் முன்னேற்றத்தை அளக்க இயலாது. ஆதலால் கையெழுத்திடும் நாளிலேயே நூலகத்தின் நிலை, ஆசிரியரின் தகுதி, தமிழ்ப் பாடநூல்களின் எண்ணிக்கை, மாணவரின் தேர்ச்சி ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து, செயலையும் விளைவையும் வேறுபடுத்த வேண்டும். ஓர் ஆசிரியர் முனைவர் பட்டத்துக்காக வெளிநாடு சென்றார் என்பது செயல். அவர் திரும்பி வந்தாரா? வந்தபின் அவர் கற்பிக்கும் பாடம் மாறிற்றா? அவர் இல்லாத ஆண்டுகளில் அவருடைய வகுப்புகளை எடுத்தவர் யார். அவருக்கு அதற்கேற்ற ஊதியமும் ஓய்வும் கிடைத்தனவா? இவையே விளைவைக் காட்டும். ஆண்டறிக்கையில் முதற்செய்தி மட்டும் இடம்பெறுவதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

நிதி கொடுப்பவரே மதிப்பீட்டைப் படிப்பவராயிருக்கும்போது உண்மை கூறுவது கடினம். எனவே இரு தரப்பையும் சாராத ஒருவரும், அண்மையில் பட்டம் பெற்ற ஓர் ஆயரும், சபையைச் சேர்ந்த ஒரு சாதாரண உறுப்பினரும் மதிப்பீட்டுக் குழுவில் இடம்பெறுவது நன்று. கல்லூரியை மட்டும் மதிப்பிடாமல் பல்கலைக்கழகத்தையும் அதே குழு மதிப்பிட வேண்டும். வினாத்தாள் உரிய காலத்தில் வந்ததா, முடிவுகள் எத்தனை மாதங்களில் வெளியாயின, முறையீட்டுக்கு மறுமொழி கிடைத்ததா என்பவை எளிய வினாக்கள். ஆயினும் உறவின் உடல்நலத்தை இவை நன்கு காட்டும்.

இறுதியாக, அளவுகோலையே அளந்து பார்க்க வேண்டும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1958இல் தோன்றிய இறையியற் கல்வி நிதியம். 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மாநாடு, இளைய சபைகளின் இறையியற் கல்வி மிக நலிவுற்றிருப்பதை எடுத்துரைத்தது. அக்குறை நீக்க எழுந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகத் தோன்றிய இந்நிதியம், முதலில் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கக் கல்லூரிகளை மேனாட்டுத் தரத்துக்கு உயர்த்துவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. நூலகங்கள் வளர்ந்தன, ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். சில ஆண்டுகளில், எவருடைய தரம், எச்சூழலுக்குரிய தரம் என்ற வினா எழுந்தது. தைவானைச் சேர்ந்த ஷோகி கோ அதன் இயக்குநராயிருந்த காலத்தில், 1972 அளவில், சூழலுக்கேற்ற இறையியல் என்பதே அதன் அளவுகோலாயிற்று. பணம் கொடுத்த நிறுவனமே தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது. அம்மாற்றத்துக்குக் காரணர் அளக்கப்பட்டவர்களே என்பது கருதத்தக்கது.

இதனால் தரம் என்பதே வேண்டா என்று நாம் கூறவில்லை. சூழலின் பெயரால் சோம்பலுக்கு இடங்கொடுப்பது சபைக்கு இழைக்கும் தீங்காகும். எபிரெயமும் கிரேக்கமும் தெரியாமல், திருச்சபை வரலாறு கல்லாமல் ஒருவரைப் பீடத்தில் ஏற்றுவது மக்கள்மீது காட்டும் அன்பன்று. வெளியாரின் கண் நம் குறைகளை நமக்குக் காட்டும். அக்கண் இன்றி எக்கல்லூரியும் நெடுநாள் நேர்மையாயிருத்தல் அரிது. நாம் வேண்டுவது, பார்க்கும் கண் இருபுறமும் திறந்திருக்க வேண்டும் என்பதே.

முடிவுரை

கூட்டுறவுகள் சில தொடரத்தக்கவை; சில திருத்தத்தக்கவை; சில நன்றியுடன் முடித்துக்கொள்ளத்தக்கவை. மூன்றாம் வகையைத் தோல்வி எனக் கொள்ளலாகாது. ஃபூரா பே கல்லூரி தன் நாட்டின் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது டரம் பட்டத்தின் தேவை நீங்கிற்று; இளையவர் தம் காலில் நிற்க வலிமை பெறுவது மூத்தவருக்கும் பெருமையே. என்றென்றும் சார்ந்திருக்கச் செய்யும் உறவே ஐயத்துக்குரியது.

செராம்பூரின் பட்டயம் எண்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. உரிமை இல்லாமையால் அன்று. அதனைப் பயன்படுத்தும் துணிவும் ஒற்றுமையும் பின்னரே வந்தமையால். இன்று நம் கல்லூரிகளின் கோப்புகளில் உறங்கும் ஒப்பந்தங்களிலும் உரிமைகள் பல உறங்குகின்றன. அடுத்த முறை புதுப்பித்தற்காக ஒரு தாள் நம்முன் வைக்கப்படும்போது, இவ்வைந்து கேள்விகளையும் ஆசிரியர் மன்றத்தில் மட்டுமன்றி மாணவர் முன்னிலையிலும், நம் மாணவரை ஆயராக ஏற்கப்போகும் சபைகளின் முன்னிலையிலும் வைப்போமாக. அவர்களுடைய விடைகளைக் கேட்டபின் கையெழுத்திடுவோமாக.